பிக்கப் ட்ரக்கில் கியர்பாக்ஸ் ஆயிலை நீங்களே மாற்றினீர்களா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இன்ஜின் ஆயில் மாற்றிப் பழகியவர் இதையும் செய்துவிடலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இன்ஜினில் ஆயில் அரை லிட்டர் குறைந்தாலும் கொஞ்ச நாள் ஓட்டிச் சமாளிக்கலாம். கியர்பாக்ஸில் அப்படி முடியாது. அங்கே ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள டார்க் கன்வர்ட்டர் வழியாக விசையைக் கடத்துவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். அதனால் அளவு பிசகினால் வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றிய பிறகு வரும் புகார்களைப் பார்த்தால் முதல் சந்தேகம் ஆயிலின் அளவு மேல், அடுத்தது ஆயிலின் வகை மேல் விழ வேண்டும். இரண்டும் சரி என்றால், மாற்றும்போது ஏதாவது பிசகியிருக்கும், அல்லது ஆயில் மாற்றுவதற்கு முன்பே கோளாறு இருந்திருக்கும். இந்த வரிசையை விட்டுவிட்டு எடுத்தவுடன் கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடி, சோலனாய்டு என்று போனால் பணம்தான் வீணாகும்.

கீழே சொல்வதற்கு இரண்டு வண்டிகளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே அமெரிக்காவில் வீட்டு வாசல்களில் நிறையப் பார்க்கக் கூடியவை. ஒன்று 2005 முதல் 2015 வரை வந்த டொயோட்டா டகோமா 4.0 லிட்டர் வி6. அதில் இருப்பது ஏ750 என்ற ஐந்து கியர் பெட்டி. இன்னொன்று 6ஆர்80 என்ற ஆறு கியர் பெட்டியோடு வந்த ஃபோர்டு எஃப்-150. உங்களுடையது வேறு வண்டி என்றாலும் அறிகுறிகள் இவைதான். போல்ட் அளவும் சூட்டின் அளவும் மாறும். அதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிலை இறக்கும் முன்பே சிக்கல்: ஊற்றும் போல்ட் திறக்கவில்லை

கீழே ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் தொடும் முன், மேலே ஆயில் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். இந்த ஒன்றை மட்டுமாவது தவறாமல் செய்யுங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, அப்புறம் மேல் போல்ட் துருப்பிடித்துச் சுற்றவே மறுக்கிறது என்று தெரிந்தால், வண்டி டோ ட்ரக்கில்தான் போக வேண்டும். டகோமாவில் இந்த போல்ட் கியர்பாக்ஸின் வலது பக்கம் இருக்கும், 24 மி.மீ. தலை, மேலே ‘டபிள்யூஎஸ்’ என்று ஆயிலின் பெயரே பொறித்திருக்கும். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டுக்குப் பேன் என்று பெயர். அதன் அடியில் இரண்டு போல்ட்டுகள் இருக்கும்: 14 மி.மீ. தலை உள்ளது ட்ரெயின், 5 மி.மீ. ஆலன் கீ போடுவது அளவு பார்க்கும் போல்ட். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எஃப்-150-ல் 6ஆர்80 பெட்டிக்கு ட்ரெயின் போல்ட்டே கிடையாது. பேனை இறக்கித்தான் வடிக்க வேண்டும். ஊற்றும் இடத்தில் 19 மி.மீ. தலையோடு ஒரு மூடி, அதன் நுனியில் சின்ன டிப்ஸ்டிக். இது சைலன்சர் குழாயை ஒட்டி இருப்பதால், வண்டி சூடாக இருக்கும்போது அவசரமாகக் கை விட்டால் முழங்கை வெந்துவிடும். நீளமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சமதளம், சக்கரத்துக்கு முட்டு, ஜாக்கை நம்பி அடியில் போகாமல் நான்கு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு: இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்றை மட்டும் மறந்துவிடுவார்கள். அளவு பார்க்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் காரேஜ் கதவு திறந்திருக்க வேண்டும்.

டிரைவில் போட்டாலும் வண்டி நகரவில்லை, அல்லது இரண்டு மூன்று நொடி கழித்துத் தூக்கி அடிக்கிறது

ஆயில் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்காது. இந்த நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்காதீர்கள். அழுத்தம் இல்லாமல் கிளட்ச் தட்டுகள் வழுக்கி வழுக்கிக் கருகும். பார்க்கில் போட்டு அணைத்துவிடுங்கள்.

அளவு எப்படிப் பிசகுகிறது? வடித்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றுவதுதான் வழக்கம். அது நல்ல தொடக்கம்தான், ஆனால் முடிவு அல்ல. ஆயில் சூட்டில் விரியும். 10 லிட்டர் ஆயில் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 300 மில்லி கூடிவிடும். சூடாக வடித்ததைச் சூடாகவே அளந்து, கடையிலிருந்து வந்த குளிர்ந்த ஆயிலை அதே அளவு ஊற்றினால் கணக்கு ஒத்துவராது. வடித்ததை ஒரு ராத்திரி ஆறவிட்டு அளப்பதே சரி.

அப்புறம் அளவு பார்க்கும் முறை. இன்ஜின் ஓடாதபோது டார்க் கன்வர்ட்டரிலிருந்தும் மேலே உள்ள வழிகளிலிருந்தும் ஆயில் பேனுக்கு இறங்கிவிடும். அப்போது பார்த்தால் நிறைய இருப்பது போலத் தெரியும். இன்ஜினை ஓட்டி, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரைப் பார்க்கிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிறுத்தித் திரும்பக் கொண்டுவந்தால்தான் எல்லாக் குழாய்களும் நிறையும். அதன் பிறகுதான் அளவு.

டகோமாவில் டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் 46 முதல் 56 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க, அடியில் உள்ள அந்த 5 மி.மீ. போல்ட்டைத் திறக்க வேண்டும். ஆயில் கோடாக ஊற்றினால் அது மெலிந்து சொட்டாகும் வரை விடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள், கீழே சொட்ட ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு 20 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் முடிந்தது. மேல் போல்ட்டுக்கு 39.

சூட்டை எப்படி அறிவது? டாஷ்போர்டுக்கு அடியில் மெக்கானிக்குகள் ரீடர் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 4, 13 எண் பின்களை ஒயரால் இணைத்து டாஷ்போர்டில் உள்ள டிரைவ் விளக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஒரு வழி டொயோட்டாவில் உண்டு. எனக்கு அதில் இஷ்டம் இல்லை. அதே சாக்கெட்டில் 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் நேராக வருகிறது. கை தவறினால் ஃப்யூஸ் போகும். போனில் காட்டும் மலிவான ப்ளூடூத் ஓபிடி ரீடரே போதும், ஆனால் கியர்பாக்ஸ் சூட்டைப் படிக்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். கூலன்ட் சூட்டை மட்டும் காட்டுவது இதற்கு உதவாது.

போல்ட்டைத் திறந்ததும் ஆயில் கொட்டுகிறது, அல்லது ஓட்டிய பின் மேலே உள்ள பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகக் கசிகிறது

இது மேலே சொன்னதன் மறுபக்கம். ஆயில் குளிர்ந்திருக்கும்போது அளவு வைத்தால், ஓடி விரிந்தபின் அதிகமாகிவிடும். மாறாக, 70, 80 டிகிரிக்குப் போன பிறகு அளவு வைத்தால், விரிந்த ஆயில் வெளியே வழிந்துவிட்டிருக்கும். ஆறியபின் குறைவாக நிற்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இரண்டு தடவை தப்பு செய்கிறார்கள். டெக்சாஸ் கோடையில் மத்தியானம் இந்த வேலையை ஆரம்பித்தால், வடித்து ஊற்றி முடிப்பதற்குள் 56 டிகிரியைத் தாண்டிவிடும். காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் செய்வதே வசதி.

அதிக ஆயிலும் ஆபத்துதான். சுழலும் பாகங்கள் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரையை பம்ப்பால் அழுத்த முடியாது. கடைசியில் ஆயில் குறைந்த வண்டி என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும். வழுக்கலும் தாமதமும் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், குறைவா அதிகமா என்று ஊகிக்காமல் சரியான சூட்டில் மறுபடி அளவு பாருங்கள்.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் சத்தம்

அளவு சரி என்று உறுதியானால், ஃபில்டரின் சீலைச் சந்தேகப்படுங்கள். பேனை இறக்கிப் பழைய ஃபில்டரை இழுக்கும்போது அதன் ரப்பர் சீல் சில சமயம் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரைப் புதுச் சீலோடு ஏற்றினால் ஒன்றின் மேல் ஒன்று மடங்கி இடைவெளி விழும். பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். முனகல் அந்தக் காற்றின் சத்தம். பேனை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. துளைக்குள் டார்ச் அடித்து, விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். கருப்பு ரப்பர் அலுமினியத்தோடு இழைந்து நின்றால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படும்.

60, 70 கி.மீ. வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது வண்டி நடுங்குகிறது

நெடுஞ்சாலை ஓரத்து வரிப்பள்ளங்களில் சக்கரம் ஏறியது போல ஒரு அதிர்வு. ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு மறைந்துவிடும். டார்க் கன்வர்ட்டருக்குள் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் வழவழப்பாகப் பிடிக்காமல் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வருவதுதான் இது.

கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. காலியான ரோட்டில் நடுக்கம் வரும்போது, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். கணினி உடனே லாக்-அப்பை விடுவிக்கும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் கன்வர்ட்டர்தான் காரணம். நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள்; மிஸ்ஃபயரையும் கியர்பாக்ஸ் கணக்கில் எழுதிவிடுவது சகஜம்.

ஆயில் மாற்றினால் உண்மையாகவே குணமாகும் கோளாறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், ஆரம்ப நிலையில் உள்ள இந்த நடுக்கம்தான். இதற்குப் பெரிய உதாரணம் ஜிஎம் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி 8எல்90. 2015-க்குப் பின் வந்த ஷெவர்லே சில்வராடோ உட்படப் பல வண்டிகளில் இந்த நடுக்கம் வந்தது. முதலில் போட்டிருந்த ஆயில் ஈரத்தை இழுத்து உராய்வுத் தன்மை கெடுவதே காரணம் என்று சொல்லி, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி மொபில் 1 எல்வி ஏடிஎஃப் எச்பி என்ற ஆயிலை நிரப்பும்படி ஜிஎம்மே சர்வீஸ் அறிவிப்பு கொடுத்தது. ‘முழுக்க’ என்பதைக் கவனியுங்கள். பேனை மட்டும் வடித்தால் பாதிக்கு மேல் பழைய ஆயில் கன்வர்ட்டரிலும் மற்ற இடங்களிலும் தங்கிவிடும்.

டகோமா கணக்கையே பாருங்கள். மொத்தம் 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெட்டியில், ஒரு தடவை வடித்தால் வருவது சுமார் 3 லிட்டர். மூன்று தடவை, இடையிடையே சில நாள் ஓட்டி மாற்றினாலும் புது ஆயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஆகும். சாதாரணப் பராமரிப்புக்கு இது தாராளம். ஆனால் நடுக்கத்தைத் தீர்க்கவோ, தப்பான ஆயிலை வெளியேற்றவோ கூலர் குழாயின் திரும்பும் பக்கத்தைக் கழற்றி, ஒரு வாளிக்குள் விட்டு, இன்ஜினைச் சில நொடி ஓட்டி ஒன்று ஒன்றரை லிட்டர் வந்ததும் அணைத்து, அதே அளவு புது ஆயில் ஊற்றி, மறுபடி ஓட்டி என்று நல்ல சிவப்பு வரும் வரை செய்ய வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியில், ஒருவர் வாளியில்.

எல்லா கியரும் ஒரு மாதிரி விழுகிறது

கேனை எடுத்துப் பெயரைப் படியுங்கள். ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்கள் பெரும்பாலும் எல்லாமே சிவப்பு. நிறம் வகையைச் சொல்லாது. டகோமாவுக்கு டபிள்யூஎஸ். 6ஆர்80-க்கு மெர்கான் எல்வி. புதிய எஃப்-150-ல் வரும் பத்து கியர் பெட்டிக்கு மெர்கான் யூஎல்வி. மெர்கான் வி என்று இன்னொன்று உண்டு, அது பழைய பெட்டிகளுக்கு. ஒரே எழுத்து வித்தியாசத்தில் கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒன்றுக்கொன்று ஆகாது. கிரைஸ்லர், ராம் வண்டிகளின் பழைய பெட்டிகளுக்கு ஏடிஎஃப்+4. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதிய கேனை நான் பவர் ஸ்டீயரிங்குக்கு வேண்டுமானால் யோசிப்பேன், கியர்பாக்ஸுக்கு வாங்க மாட்டேன்.

வகை சரியாக இருந்தும் கியர் கொஞ்சம் முரட்டுத்தனமாக விழுந்தால், இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கிளட்ச் பிடிக்கும் நேரத்தைக் கணினி பழைய ஆயிலுக்கு ஏற்பப் பழகி வைத்திருக்கும். நகர ரோட்டில் மெதுவாக எல்லா கியரும் விழும்படி ஓட்டினால் புதிதாகப் பழகிக்கொள்ளும்.

ஆயில் இளஞ்சிவப்பாகப் பால் மாதிரி இருக்கிறது

நிறுத்துங்கள். இன்ஜினை ஓட்டவே வேண்டாம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் கூலர் உடைந்து கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அங்கேயும் அதே நிறத்தில் நுரை இருக்கலாம். ஆறிய பிறகு திறவுங்கள். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃபிரன்டியர், எக்ஸ்டெர்ரா, பாத்ஃபைண்டர் உரிமையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த ரேடியேட்டர்களில் இது அடிக்கடி நடந்து, நிசான் அந்தப் பாகத்துக்கு உத்தரவாதத்தையே நீட்டித்தது.

கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனமும் நீரும் கிளட்ச் தட்டின் மேலே ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையின் பசையை ஊறவைத்துப் பிரித்துவிடும். அதனால்தான் அவசரம். அன்றே கவனித்து, ஓட்டாமல் இழுத்துச்சென்று, ரேடியேட்டரை மாற்றி, முழுக்கக் கழுவினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பால் நிறத்தோடு நூறு மைல் ஓட்டிய வண்டிக்கு ஆயில் வாங்கிச் செலவழிக்காதீர்கள்.

கருத்த ஆயில், கருகிய வாசனை, காந்தத்தில் துகள்

பேனில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருப்பது இயல்பு. விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவு போல வழுக்கும். அதில் கண்ணுக்குத் தெரியும் இழைகளும் செதில்களும் இருந்தால், பேரிங்கோ கியரோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் என்றால் தண்டுகளைத் தாங்கும் புஷ்.

இங்கே ஒரு நம்பிக்கையைத் தொட்டாக வேண்டும். நிறைய மைல் ஓடிய வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்பார்கள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு ஆயில் ஞாபகமே வருகிறது. அப்போது மாற்றுகிறார்கள், ஒரு மாதத்தில் பெட்டி போகிறது, பழி ஆயில் மேல் விழுகிறது. வழுக்காமல் ஒழுங்காக ஓடும் வண்டியில், எவ்வளவு மைல் ஆகியிருந்தாலும், பேனை வடித்து மாற்றுவதில் தயங்க ஒன்றுமில்லை. ஏற்கெனவே வழுக்கும் வண்டியில் தேய்ந்த தட்டை ஆயில் வளர்த்துக்கொடுக்காது. அந்தப் பணத்தை மெக்கானிக்குக்கு எடுத்து வையுங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு விழுகிறது, அல்லது இன்ஜின் விளக்கு எரிகிறது

முதலில் கீழே குனிந்து ஒயர் கனெக்டர்களைப் பாருங்கள், பேனைக் கழற்றும்போது ஏதாவது தட்டுப்பட்டிருக்கலாம். பிறகு ஓபிடி ரீடரில் கோளாறு எண்ணைப் படியுங்கள். பி0741 என்றால் லாக்-அப் கிளட்ச் பிடிக்கவில்லை. பி0218 என்றால் ஆயில் மிஞ்சிச் சூடேறியது. அளவையும் கூலரையும் பாருங்கள்.

எஃப்-150 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2011–2013 மாடலில் 6ஆர்80 பெட்டிக்குள் இருக்கும் வேக சென்சாரின் சிக்னல் விட்டுவிட்டு வந்து, ஓட்டத்திலேயே முதல் கியருக்கு இறங்கும் கோளாறுக்காக 2019-ல் ஃபோர்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பின்சக்கரம் வழுக்கும் அளவுக்கு ஆபத்தான விஷயம் இது. ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியின் வின் என்ற அடையாள எண்ணைப் போட்டு ரீகால் வேலை முடிந்ததா என்று பார்த்துவிடுங்கள்.

அடியில் சொட்டு விழுகிறது

பேன் போல்ட்டுகள் சின்னவை. டகோமாவில் அவற்றுக்கு 4.4 நியூட்டன் மீட்டர்தான், மணிக்கட்டு பலமே அதிகம். கசிகிறதே என்று இன்னும் முறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றிப் பேனின் விளிம்பு குழிந்து கசிவு கூடும். பேனை இறக்கி, விளிம்பைத் தட்டையான மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்கி, இரண்டு பரப்பையும் பிரேக் கிளீனரால் துடைத்து, புது கேஸ்கட் போடுங்கள். 6ஆர்80-ல் பேன் கசிகிறது என்று நினைப்பது பல தடவை பேனே இல்லை. மேலே ஒயர் கனெக்டர் உள்ளே நுழையும் இடத்தில் உள்ள ஸ்லீவின் சீல் கெட்டு ஆயில் வழிந்து பேன் விளிம்பில் சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டு, சிறிது ஓட்டி, ஈரம் எங்கே முதலில் தொடங்குகிறது என்று மேலிருந்து பாருங்கள்.

முன்பக்கம் சொட்டினால் கூலர் குழாய். ஸ்டீயரிங் பக்கம் என்றால் பவர் ஸ்டீயரிங்கிலிருந்தும் அதே சிவப்பு ஆயில் வரலாம்.

கடைசியாக அந்தப் பழைய ஆயில். காலி கேன்களிலேயே ஊற்றி மூடி வையுங்கள். அமெரிக்காவில் பெரிய ஆட்டோ பார்ட்ஸ் கடைகள் பலவற்றில் காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள், இன்ஜின் ஆயிலோடு கலந்திருந்தாலும் பரவாயில்லை. கூலன்ட் கலந்ததை மட்டும் வாங்க மாட்டார்கள். அதைத் தனியாக வைத்து, உங்கள் கவுன்ட்டியின் அபாயக் கழிவு மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.